ஒரு நுரையீரலை நம்பி...



டிப்ளமோ படித்தவனுக்கு ஆபரேஷன் தியேட்டரில் என்ன வேலை? "லைட் எரியலைன்னா கூப்பிடுவாங்க, ஏ.சி. ஓடலைன்னா கூப்பிடுவாங்க, வேற என்ன?" இதுதான் நம்மில் பலருடைய பதில். என் வகுப்பிலேயே கேட்டுப் பார்த்தேன். முக்கால்வாசிப் பேர் இதைத்தான் சொன்னார்கள். இந்த எண்ணம் மாற வேண்டும் என்பதே என் கட்டுரையின் நோக்கம்.

உதாரணத்துக்கு, அறுவை சிகிச்சைகளில் மிகவும் சிக்கலான ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். நுரையீரலிலேயே கத்தி வைக்கும்போது, நோயாளியின் ரத்தத்தில் பிராணவாயு குறையாமல் எப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள்? அதில் டாக்டரின் பங்கு எது? நம் போன்றவர்களின் பங்கு எது? கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். நம் லேபில் படிக்கிற பாடம்தான் அங்கேயும் இருக்கிறது என்பது புரியும்.

நெஞ்சைத் திறந்தால்...

நுரையீரலுக்குத் தானாக விரியும் சக்தி கிடையாது. அதற்கும் நெஞ்சுக்கூட்டுக்கும் இடையே உள்ள அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைவிடக் குறைவு. அதனால்தான் அது விரிந்து நிற்கிறது. நெஞ்சைத் திறந்தால் வெளிக்காற்று உள்ளே புகும். நுரையீரல் பஞ்சரான சைக்கிள் ட்யூப் மாதிரி சுருங்கிவிடும். வயிற்றைத் திறக்கத் துணிந்த டாக்டர்கள்கூட நெஞ்சைத் திறக்க அஞ்சியதற்கு இதுவே காரணம்.

1904இல் ஜெர்மன் டாக்டர் சாவர்புருக் ஒரு வழி கண்டார். காற்றழுத்தம் குறைக்கப்பட்ட ஓர் அறை. அதற்குள் நோயாளியின் உடலும் அறுவை செய்யும் டாக்டர்களும். நோயாளியின் தலை மட்டும் அறைக்கு வெளியே! பிறகு இதையே தலைகீழாக மாற்றினார்கள். வெளியே அழுத்தத்தைக் குறைப்பதற்குப் பதிலாக, மூச்சுக்குழாய்க்குள் ஒரு குழாயை விட்டு, காற்றை அழுத்தத்துடன் உள்ளே தள்ளினார்கள். இன்றைய வென்டிலேட்டரின் அடிப்படை இதுதான். இரண்டுமே பிசிக்ஸ் புத்தகத்தில் உள்ள அழுத்தக் கணக்குதான், நண்பர்களே!

நம் பக்கத்துக்கு வருவோம். ஆரணியிலிருந்து சுமார் 40 கிலோ மீட்டரில் இருக்கும் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு, 1940களின் இறுதியில் அமெரிக்காவிலிருந்து டாக்டர் ரீவ் பெட்ஸ் வந்தார். நெஞ்சறை அறுவை சிகிச்சைக்கென்று இந்தியாவில் முதன்முதலாகத் தனித் துறை ஏற்பட்டது அங்கேதான். அந்தக் காலத்தில் காசநோய்க்கு நல்ல மருந்துகள் அதிகம் இல்லை. கெட்டுப்போன நுரையீரல் பகுதியை வெட்டி எடுப்பதே பலருக்கு வழியாக இருந்தது. பிற்பாடு மருந்துகள் வந்தன. காசநோயை வீட்டில் வைத்தே மருந்தால் குணப்படுத்தலாம் என்பதை உலகுக்குக் காட்டியதும், 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையம்தான். இன்று புற்றுநோய்க்காகவும், பழைய காசநோய் விட்டுச் சென்ற குழிகளில் ரத்தம் கசிவதற்காகவும், சீழ் கட்டுவதற்காகவும் இந்த அறுவை நடக்கிறது.

நுரையீரல் அசைந்துகொண்டே இருந்தால் அதில் தையல் போடுவது எப்படி? அதற்கும் வழி கண்டார்கள். 1949இல் சுவீடனைச் சேர்ந்த கார்லென்ஸ் இரட்டைக் குழாய் ஒன்றை உருவாக்கினார். ஒரே குழாய்க்குள் இரண்டு வழி. ஒரு வழி இடது நுரையீரலுக்கு, மற்றொன்று வலது நுரையீரலுக்கு. அறுவை நடக்கும் பக்கத்தின் வழியை அடைத்துவிட்டால் அந்தப் பக்கம் சுருங்கி அமைதியாகக் கிடக்கும். மற்றப் பக்கம் மட்டும் மூச்சு விடும். நோயுற்ற பக்கத்தின் சீழும் ரத்தமும் நல்ல பக்கத்துக்கு வழியாமல் தடுப்பதற்கும் இதுவே உதவுகிறது.

இப்போது யோசியுங்கள். மணிக்கணக்காக ஒரு மனிதன் ஒரே நுரையீரலை நம்பி மேஜை மேல் கிடக்கிறான்!

சாயப் பட்டறைக் கணக்கு

என் பெரியப்பா ஆரணியில் பட்டுத் தறி நெய்தவர். இளவயதில் வந்த காசநோய் நுரையீரலின் மேல்பகுதியில் ஒரு குழியை விட்டுப் போயிருந்தது. வயதான பிறகு அதில் ரத்தக் கசிவு. இருமினால் ரத்தம். மேல்பகுதியை எடுத்துவிட வேண்டும் என்றார்கள். ஒரு பக்க நுரையீரலை நிறுத்திவிட்டுத்தான் அறுவை செய்வோம் என்று டாக்டர் விளக்கியபோது பெரியப்பா கேட்டார்: "ரெண்டு தறி போட்ட ஊட்ல ஒரு தறிய நிறுத்திட்டா வருமானம் பாதியாயிடுமே டாக்டர். உசுருக்கு அந்தக் கணக்கு இல்லியா?"

டாக்டர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "இருக்கு பெரியவரே. அந்தக் கணக்கப் பாத்துக்கத்தான் உங்க தலைமாட்டுல மயக்க டாக்டர் உட்காந்திருப்பாரு."

பெரியப்பா நல்லபடியாக வீடு திரும்பினார். ஆனால் அவருடைய கேள்வி என்னை விடவில்லை. படித்துப் பார்த்ததில் புரிந்ததை ஆரணிக்காரர்களின் மொழியிலேயே சொல்கிறேன்.

ரத்தத்தைப் பட்டு நூல் சிட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு நுரையீரலும் இரண்டு சாயத் தொட்டிகள். தொட்டியில் முங்கி எழுந்த நூல் சிவப்பாகும். பிராணவாயு ஏற்றிக்கொண்ட ரத்தமும் பளிச்சென்று சிவக்கும். இப்போது ஒரு தொட்டியில் சாயம் காலி. ஆனால் நூல் இரண்டு தொட்டிக்கும் போய்க்கொண்டே இருக்கிறது. என்ன ஆகும்? சாயம் ஏறாத நூலும் சாயம் ஏறிய நூலோடு கலந்து வெளியே வரும். காற்றில்லாத நுரையீரல் வழியாக ஓடிய ரத்தம் இப்படித்தான் பிராணவாயு இல்லாமல் திரும்பி, நல்ல ரத்தத்தோடு கலந்துவிடுகிறது.

"சரி, நல்ல பக்கத்துக்கு ஆக்சிஜனை இன்னும் கூட்டிக் கொடுத்தா சரியாயிடாதா?" என்று கேட்கலாம். ஓரளவுக்குத்தான். நல்ல தொட்டியில் முங்கிய நூல் ஏற்கனவே முழுச் சாயம் ஏறியது. அங்கே சாயத்தை இரட்டிப்பாகக் கொட்டினாலும், அடுத்த தொட்டியிலிருந்து வரும் வெறும் நூலின் நிறம் மாறாதல்லவா?

இயற்கையே இதற்கு ஒரு காவல் வைத்திருக்கிறது. காற்றில்லாத பகுதியின் ரத்தக் குழாய்கள் தாமாகவே சுருங்கி, ரத்தத்தைக் காற்றுள்ள பக்கத்துக்குத் திருப்பிவிடும். இதை 1946இல் சுவீடனைச் சேர்ந்த ஆய்லர், லில்யெஸ்ட்ராண்ட் என்ற இரு விஞ்ஞானிகள் விளக்கினார்கள். நோயாளியை நல்ல நுரையீரல் கீழே இருக்கும்படி ஒருக்களித்துப் படுக்க வைப்பதால், புவியீர்ப்பும் ரத்தத்தைக் கீழே இழுத்து உதவுகிறது. இவ்வளவு இருந்தும் சிலருக்குப் பிராணவாயு அளவு சரசரவென்று இறங்கும்.

அப்போது மயக்க டாக்டர் என்ன செய்வார்? முதலில் முழு ஆக்சிஜன் கொடுப்பார். அடுத்து, குழாய் இடம் நகர்ந்துவிட்டதா என்று மெல்லிய உள்நோக்குக் கருவியை விட்டுப் பார்ப்பார். அடிக்கடி காரணமாக இருப்பது இதுதான். சளி, ரத்தம் அடைத்திருந்தால் உறிஞ்சி எடுப்பார். சுருங்கிய நுரையீரலுக்குள் கொஞ்சம் ஆக்சிஜனை லேசான அழுத்தத்தில் நிறுத்தி வைப்பார். கீழ் நுரையீரலின் காற்றறைகள் மூடிக்கொள்ளாமல் அதற்கும் சிறிது அழுத்தம் கொடுப்பார். எதற்கும் சரிவரவில்லை என்றால், அறுவை செய்பவரிடம் "சார், கொஞ்சம் நிறுத்துங்க" என்று சொல்லி இரண்டு பக்கமும் ஊதுவார். பொதுவாக அளவு 90க்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்வதே குறிக்கோள். அதற்குக் கீழே போனால் வேகமாகச் சரியும்.

இத்தனை முடிவுகளையும் அவர் எதைப் பார்த்து எடுக்கிறார்? ஒரு சிறிய திரையில் ஓடும் எண்ணைப் பார்த்து! நம்முடைய கதை இங்கேதான் தொடங்குகிறது.

ஓர் இன்ஜினியர் தந்த விளக்கு

விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் நமக்கெல்லாம் தெரியும். 2020, 2021 கொரோனா காலத்தில் தெருவுக்கு நாலு வீட்டில் இருந்தது. அதன் தத்துவத்தைக் கண்டவர் டாக்டர் அல்ல. ஜப்பானைச் சேர்ந்த டாகுவோ அவோயாகி என்கிற எலக்ட்ரிகல் இன்ஜினியர்.

1970களின் தொடக்கத்தில் அவர் வேறொன்றை அளக்க முயன்றுகொண்டிருந்தார். உடலில் ஒரு சாயத்தைச் செலுத்தி, காதில் ஒளியைப் பாய்ச்சி, இதயம் எவ்வளவு ரத்தத்தைத் தள்ளுகிறது என்று கணக்கிடும் ஆராய்ச்சி அது. நாடித் துடிப்பின் அலை குறுக்கே வந்து அளவைக் கெடுத்தது. நம் பாஷையில் சொன்னால், சிக்னலில் நாய்ஸ். அதை நீக்க இரண்டு அலைநீள ஒளியைப் பயன்படுத்தினார். ரத்தத்தில் ஆக்சிஜன் மாறும்போது அந்த நாய்ஸ் நீங்க மறுத்தது. எரிச்சல்பட்டு விட்டுவிடாமல் அவர் யோசித்தார். ஆக்சிஜன் மாறும்போது இந்தத் தொல்லையும் மாறுகிறது என்றால், இந்தத் தொல்லையை வைத்தே ஆக்சிஜனை அளக்கலாமே! 1974இல் இதை வெளியிட்டார். இன்று உலகம் முழுக்க இருக்கும் கருவி அப்படிப் பிறந்தது. தன் கண்டுபிடிப்பை உலகமே தேடி வாங்கிக்கொண்டிருந்த 2020 ஏப்ரலில் அவர் காலமானார்.

உள்ளே என்ன இருக்கிறது? இரண்டு எல்.ஈ.டி. ஒன்று சிவப்பு, சுமார் 660 நானோமீட்டர். மற்றொன்று கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு, சுமார் 940 நானோமீட்டர். எதிர்ப்பக்கம் ஒரு போட்டோ டையோடு. ஆம்ப்ளிபையர், ஃபில்டர், கணக்குப் போட ஒரு மைக்ரோ கன்ட்ரோலர். இதில் நாம் படிக்காதது எது, சொல்லுங்கள் பார்க்கலாம்!

உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட அறுவை சிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியலில், மயக்கம் கொடுக்கும் முன் கேட்க வேண்டிய கேள்விகளில் ஒன்று: ஆக்சிமீட்டர் நோயாளிக்கு மாட்டப்பட்டு வேலை செய்கிறதா? 'மாட்டியிருக்கிறதா' என்று மட்டும் கேட்டால் நர்ஸ் பதில் சொல்லலாம். 'வேலை செய்கிறதா' என்ற கேள்விக்குப் பின்னால் நாம் இருக்க வேண்டும்.

எண்ணும் பொய் சொல்லும்

கருவி காட்டுவதெல்லாம் வேதவாக்கு அல்ல. விரல் சில்லிட்டிருந்தால் நாடி அலை பலவீனமாகி எண் தடுமாறும். நகப்பூச்சு, அடர்ந்த கறுப்பு மருதாணி, சாயப் பட்டறையில் விரலில் ஏறிய கறை இவையெல்லாம் ஒளியின் வழியில் நிற்கக்கூடியவை. அப்படிப்பட்ட விரலில் சந்தேகம் வந்தால் காது மடலில் மாட்டிப் பார்க்க வேண்டும். ஆரணியில் இது தெரிந்திருக்க வேண்டிய விஷயமல்லவா? புகையில் சிக்கியவரின் ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு ஏறியிருந்தால், அதையும் ஆக்சிஜன் என்றே எண்ணி நல்ல அளவைக் காட்டிவிடும்.

இன்னொன்று. ஆரோக்கியமானவர்களின் ரத்தத்தோடு ஒப்பிட்டுத்தான் இந்தக் கருவியின் அட்டவணை தயாராகிறது. அமெரிக்காவில் 2020இல் வெளியான ஓர் ஆய்வு, கறுப்பின நோயாளிகளுக்கு உண்மையில் ஆக்சிஜன் குறைந்திருந்தும் கருவி நன்றாக இருப்பதாகக் காட்டியது வெள்ளையரைவிட சுமார் மூன்று மடங்கு அதிகம் என்று கண்டது. நம் ஊர்க்காரர்களின் நிறத்தை நினைத்துக்கொண்டு இதைப் படியுங்கள்.

எண் தாமதமாகவும் சொல்லும். முழு ஆக்சிஜன் நிரப்பப்பட்ட நோயாளிக்குக் குழாய் கழன்றாலும் சிறிது நேரம் 100 என்றே காட்டிக்கொண்டிருக்கும். பிறகுதான் சரியும். அதனால்தான் வெளிமூச்சில் கார்பன் டை ஆக்சைடை அளக்கும் கருவியையும் சேர்த்தே வைக்கிறார்கள்.

குழாயின் மறுமுனையில்

திரையில் எண்ணைக் காட்டுவது ஒரு பாதி. ஆக்சிஜனைக் கொண்டு சேர்ப்பது மறுபாதி. சிலிண்டர் அறை, பைப் லைன், ரெகுலேட்டர், வால்வு, அலாரம் எல்லாம் மெக்கானிக்கல் மாணவர்களின் ராஜ்ஜியம்.

ஒரு கணக்கு போடுவோம். சிறிய பி டைப் சிலிண்டரில் சுமார் 1,500 லிட்டர் ஆக்சிஜன். நிமிடத்துக்கு 10 லிட்டர் போனால் இரண்டரை மணி நேரம். நுரையீரல் அறுவை அதையும் தாண்டிப் போகலாம். பெரிய டி டைப்பில் சுமார் 7,000 லிட்டர். அதே வேகத்தில் பதினொன்றரை மணி நேரத்துக்கு மேல் வரும். மாற்று சிலிண்டர் எங்கே, யார் மாற்றுவது, அந்த ஆள் ராத்திரி இருப்பானா? இது டாக்டர் பார்க்கிற வேலையா? ஆக்சிஜன் பொருத்திகளில் எண்ணெய், கிரீஸ் பட்டால் தீப்பற்றும். வொர்க்‌ஷாப்பில் கிரீஸ் கையோடு எல்லாவற்றையும் தொடும் நமக்கு இதைச் சொல்லித் தர வேண்டாமா?

ஆக்சிஜன் சிலிண்டர் கறுப்பு உடலும் வெள்ளைத் தோளும் கொண்டது. மயக்கத்துக்குத் தரும் நைட்ரஸ் ஆக்சைடு நீலம். மயக்க மருந்து மிஷினில் மாட்டும் சிறு சிலிண்டர்களில் ஆக்சிஜனுக்கு 2, 5 என்ற இடங்களிலும், நைட்ரஸ் ஆக்சைடுக்கு 3, 5 என்ற இடங்களிலும் துளை இருக்கும். மாற்றி மாட்ட முடியாது. ஆனால் பெரிய சிலிண்டர், பைப் லைன் என்று வந்துவிட்டால் மனிதன்தான் கவனிக்க வேண்டும். 2011இல் நாகர்கோவில் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், குடும்பக் கட்டுப்பாட்டு அறுவைக்கு வந்த ஒரு பெண்ணுக்கு ஆக்சிஜனுக்குப் பதிலாக நைட்ரஸ் ஆக்சைடு செலுத்தப்பட்டது. நினைவு திரும்பாமலேயே 2012இல் அவர் இறந்துபோனார். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அவர் குடும்பத்துக்கு இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. இழப்பீடு தாயைத் திருப்பித் தருமா?

2021 ஏப்ரல் 21ஆம் தேதி நாசிக் நகரின் மாநகராட்சி மருத்துவமனையில் ஆக்சிஜன் டேங்கில் கசிவு. லைனில் அழுத்தம் விழுந்தது. இருபதுக்கும் மேற்பட்ட நோயாளிகள் உயிரிழந்தார்கள். அதே ஆண்டில், காற்றிலிருந்தே ஆக்சிஜன் பிரிக்கும் ஆலைகள் நாடெங்கும் மருத்துவமனைகளில் ஆயிரத்துக்கும் மேல் நிறுவப்பட்டன. வரவேற்கத்தக்கதே! ஆனால் அதில் இருக்கும் ஜியோலைட் ஈரம் பட்டால் கெடும். கம்ப்ரஸரையும் ட்ரையரையும் பராமரிக்க ஆள் வேண்டும். திறப்பு விழாவுக்கு ரிப்பன் வெட்டுகிறவர்கள் நிறையப் பேர். ஃபில்டர் மாற்றுகிறவர் யார்?

என் கருத்து

இன்-பிளான்ட் ட்ரெய்னிங்குக்காக நான் ஒரு மருத்துவமனைக்குப் போயிருந்தேன். பெயர் வேண்டாம். அங்கே ஸ்டோர் ரூமில் ஓர் அட்டைப் பெட்டி நிறைய ஆக்சிமீட்டர் சென்சார்கள். "என்னண்ணா இது?" என்று கேட்டேன். "எல்லாம் கண்டம் தம்பி. பாக்கறதுக்கு ஆளில்ல" என்றார் ஸ்டோர் கீப்பர். மல்ட்டிமீட்டர் வைத்துப் பார்த்ததில் பாதிக்கு மேல் ஒயர் அறுந்ததுதான் கோளாறு! ஒயரை ஒட்டவைத்து அப்படியே நோயாளிக்கு மாட்டிவிடலாம் என்று நான் சொல்ல வரவில்லை. சோதனைக் கருவியில் சரிபார்த்து, அதற்குரியவர் ஒப்புதல் தந்த பிறகே மாட்ட வேண்டும். ஆனால் அந்தச் சோதனையைச் செய்யக்கூட ஆள் இல்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

இது ஒரு இடத்துக் கதை அல்ல. மாநிலங்களில் நடந்த கணக்கெடுப்பில் 13 முதல் 34 விழுக்காடு வரை மருத்துவக் கருவிகள் இயங்காமல் கிடந்தது தெரிந்து, 2015இல் மத்திய அரசு கருவிப் பராமரிப்புக்கென்றே ஒரு திட்டம் தொடங்கியது. அதாவது, கருவி வாங்கப் பணம் இருந்தது. பார்த்துக்கொள்ள ஆள்தான் இல்லை.

"அதுக்கு பி.இ. பயோமெடிக்கல் படிச்சவங்க இருக்காங்களே" என்று சில நண்பர்கள் சொல்கிறார்கள். இருக்கட்டும். பெரிய நகரத்தின் பெரிய மருத்துவமனையில் அவர்கள் இருப்பார்கள். ராத்திரி இரண்டு மணிக்குத் தாலுக்கா ஆஸ்பத்திரியில் அழுத்தம் குறைந்து அலாரம் அடித்தால் ஓடி வர, அந்த ஊரிலேயே இருக்கும் டிப்ளமோக்காரன்தான் வேண்டும்.

"சம்பளம் கம்மியாச்சே, செய்யாறு சிப்காட், ஒரகடம்னு போனா கூடக் கிடைக்குமே" என்பது இன்னொரு வாதம். இது நியாயமான வாதம். வீட்டில் தறியை நம்பி உட்கார்ந்திருக்கும் அப்பா அம்மாவுக்கு மாதச் சம்பளம் முக்கியம். அதனால்தான் தியாகம் செய்யுங்கள் என்று உங்களிடம் கேட்காமல், நியாயமான சம்பளத்தோடு வேலை கொடுங்கள் என்று அரசிடமும் மருத்துவமனைகளிடமும் கேட்கிறேன். உயிர் காக்கும் வேலைக்கு உரிய கூலி கேட்பது பேராசை ஆகாது.

ஆகவே என் கோரிக்கைகள் இவை:

1. ஆபரேஷன் தியேட்டர் உள்ள ஒவ்வொரு மருத்துவமனையிலும், கருவிகளையும் ஆக்சிஜன் லைனையும் பார்த்துக்கொள்ள ஷிப்டுக்கு ஒரு டிப்ளமோ டெக்னீஷியன் பணியிடம் வேண்டும்.

2. நம் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ், மெக்கானிக்கல் இரு பிரிவு மாணவர்களும் சேர்ந்து, ஆண்டுக்கு ஒரு ப்ராஜெக்டாவது மருத்துவக் கருவி பற்றிச் செய்ய வேண்டும். டோர் பெல்லும் வாட்டர் லெவல் இண்டிகேட்டரும் எத்தனை வருஷத்துக்குச் செய்வது?

3. இன்-பிளான்ட் ட்ரெய்னிங்கில் மருத்துவமனை கேஸ் அறையையும் சேர்க்க நம் பேரவை ஏற்பாடு செய்ய வேண்டும்.

அறுவை வெற்றி பெற்றால் அறுவை செய்த டாக்டரின் பெயரை ஊரே சொல்லும். தலைமாட்டில் உட்கார்ந்து மணிக்கணக்காக எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்த மயக்க டாக்டரின் பெயர் பாதிப் பேருக்குத் தெரியாது. அவருக்கு அந்த எண்ணைச் சரியாகக் காட்டிய கருவியைப் பராமரித்தவன் பெயர் யாருக்குமே தெரியாது. தெரியாவிட்டால் போகிறது! புடவையைக் கட்டுகிறவர் நெய்தவரின் பெயரைக் கேட்பதில்லை. அதற்காக ஆரணியில் யாரும் இழையை அறுந்தபடி விட்டு நெய்வதில்லை. ஒரே ஒரு நுரையீரலை நம்பிக் கிடக்கும் மனிதனுக்கு, அந்த ஒன்றாவது தடையில்லாமல் ஓட வேண்டும். அதைப் பார்த்துக்கொள்ளும் கூட்டத்தில் நாமும் ஒருவராக நிற்போம், தோழர்களே!